புல்வெட்டும் வடிகால் வேலையும் எடுத்து நடத்தும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிமார்களுக்கும், பாதுகாப்பு அதிகாரிகளுக்கும், வேலையிட மேற்பார்வையாளர்களுக்கும் வணக்கம்.

புல் வெட்டுவது, மரக்கிளை கழிப்பது, வடிகால் சுத்தம் செய்வது, கட்டுமானத்துக்காகப் புதர் மண்டிய நிலத்தைத் துப்புரவாக்குவது என்று சிங்கப்பூரில் பல வெளிவேலைகளை நீங்கள் ஒப்பந்தம் எடுத்து நடத்துகிறீர்கள். அவற்றைக் கையால் செய்பவர்களில் நிறையப் பேர் தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்தவர்கள். நான் அவர்களோடு வேலை பார்ப்பவன். வேலை தொடங்குமுன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்லிக் கையெழுத்து வாங்குவது என் வேலையில் ஒரு பங்கு. அந்தக் கூட்டத்தில் ஹெல்மெட், ஹார்னஸ், வெயில், மின்னல், டெங்கிக் கொசு எல்லாம் வந்துபோகும். நஞ்சைத் துப்பும் நாகம் மட்டும் வருவதில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

கேட்பது என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதரிலும் வடிகாலிலும் இறங்கும் ஒவ்வொருவருக்கும் கண்ணை முழுக்க மூடும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். லாரிக்கு லாரி, குடிக்க வைத்திருப்பது போக, கண் கழுவவென்றே தனியாகத் தண்ணீர் வேண்டும். இந்தப் பாம்பைப் பற்றித் தமிழிலும் வங்காளத்திலும் ஐந்து நிமிடம் பேச வேண்டும். இவ்வளவுதான். உங்கள் கணக்கில் இதெல்லாம் ஒரு செலவாகவே தெரியாது.

சரி, பாம்பைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு யாராவது பாடம் எடுக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். வயலிலும் வரப்பிலும் நடந்து வளர்ந்தவர்கள் அவர்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் தூரத்திலிருந்தே பெயர் சொல்வார்கள். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் தன் தெருவிலிருந்தும் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லக்கூடியவர்கள் இவர்களில் பலர். பயமும் உண்டு, அனுபவமும் உண்டு. சிக்கல் என்னவென்றால், அந்த அனுபவம் அத்தனையும் கடிக்கும் பாம்போடு வந்தது. படமெடுத்தால் நாலடி பின்னால் போ, அசையாமல் நில், அதுவாகப் போய்விடும் என்பதுதான் ஊரில் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தது. நம்மூர் நல்ல பாம்புக்கு அது போதும். அது கடிக்கும், சீறும், ஆனால் கண்ணைப் பார்த்து நஞ்சை அடிக்கும் பழக்கம் அதற்கு இல்லை.

இங்கே இருப்பது வேறு இனம். விலங்கியலில் நாஜா சுமத்ரானா என்பார்கள். தாய்லாந்தின் தெற்கு, மலாயாத் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ என்று இந்த வட்டாரம் முழுக்க இருக்கிறது. சிங்கப்பூரில் காட்டுக்குள் மட்டும் இருக்கும் பாம்பும் இல்லை. பூங்கா, பழைய தோட்டம், கால்வாயோரம், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளுக்குப் பின்னால் இருக்கும் புல்மேடு, எல்லா இடத்திலும் பார்க்கலாம். எலியும் தேரையும் எங்கே உண்டோ அங்கே அதற்குச் சோறு உண்டு. நம் வடிகால்களில் இரண்டுக்கும் குறைவில்லை. 700 ஹெக்டேரில் தெங்கா நகரம் எழும்பிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோம். காடாகக் கிடந்த நிலத்தில் மண்வாரி இயந்திரம் இறங்கினால் அங்கிருந்த உயிர்கள் பக்கத்து வடிகாலுக்கும் பக்கத்து வேலையிடத்துக்கும்தானே நகரும்? 2011-இல் ரயில் நின்றுபோன பழைய மலாயா ரயில் தடத்தின் ஓரமெல்லாம் இன்று பச்சை மண்டிக் கிடக்கிறது. அங்கும் புல் வெட்ட ஆள் போகத்தான் வேண்டும்.

இந்தப் பாம்பை அடையாளம் காண்பதிலேயே எங்கள் ஆட்கள் ஏமாறுகிறார்கள். நல்ல பாம்பென்றால் படத்தின் பின்புறம் மூக்குக்கண்ணாடி மாதிரி அடையாளம் தேடுவது பழக்கம். இங்குள்ள வளர்ந்த பாம்பில் அது கிடையாது. உடம்பு முழுக்கப் பளபளவென்று கறுப்பு, நீளம் சுமார் ஒரு மீட்டர், சிலது அதற்கும் கொஞ்சம் மேலே. படத்தை விரிக்காமல் வடிகால் ஓரமாக ஊர்ந்து போனால் சாரைப் பாம்பு என்றுதான் தோன்றும். சாரைதானே என்று கம்பால் தள்ளப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். குட்டிகளுக்குக் கழுத்துப் பக்கம் வெளிறிய பட்டைகள் இருக்கும், பார்க்க அழகாகக்கூட இருக்கும். முட்டையிலிருந்து வந்த குட்டிக்கும் துப்பத் தெரியும் என்பதை மறக்க வேண்டாம்.

அது எப்படித் துப்புகிறது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். என்ன கண்ணாடி வாங்குவது என்ற முடிவு இதை வைத்துத்தான் வரும்.

சாதாரண நாகத்தின் நச்சுப்பல்லில் துளை நுனிக்கருகே, கீழ்நோக்கி, நீள்வாக்கில் இருக்கும். கடித்தால் நஞ்சு சதைக்குள் இறங்குவதற்கான ஏற்பாடு அது. துப்பும் நாகங்களில் துளை சிறியது, வட்டமானது, முன்பக்கம் பார்த்தது. தலையின் பக்கவாட்டுத் தசைகள் நச்சுப்பையை ஒரே அழுத்தாக அழுத்தும்போது இரண்டு பல்லிலிருந்தும் நஞ்சு முன்னோக்கிப் பீய்ச்சும். அதே நொடியில் பாம்பு தலையை வேகமாக ஆட்டும். இரண்டு கோடாகக் கிளம்பியது அதனால் பரவி ஒரு முகம் அளவுக்கு விழுகிறது. ஆறேழு அடி தூரம் வரை எளிதாக வரும். இரண்டு கண்ணில் ஒன்றிலாவது விழ வேண்டும் என்பதற்கான வேலை அது. ஒருமுறை துப்பிவிட்டது, இனி சரக்கு தீர்ந்துவிட்டது என்றும் நினைக்கக் கூடாது. அடுத்தடுத்துப் பலமுறை துப்பும்.

ஆப்பிரிக்காவில் உள்ள துப்பும் நாகங்களை வைத்து ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கையை ஆட்டினால் துப்பாத பாம்பு, முகம் அசைந்தால் துப்பியது. முகம் இப்போது எங்கே இருக்கிறது என்று பார்க்காமல், கண் சிமிட்டும் நேரத்தில் எங்கே போகும் என்று கணித்து அங்கே அடிக்கிறது என்பதையும் கண்டார்கள். அதாவது சட்டென்று தலையைத் திருப்பித் தப்பித்துவிடலாம் என்ற தைரியம் வேண்டாம். ஆய்வு செய்தவர்களே முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் அதன் முன்னால் நின்றார்கள்.

2021-இல் வந்த இன்னோர் ஆய்வு நஞ்சின் பக்கம் போனது. ஆப்பிரிக்க நாகங்கள், ஆசிய நாகங்கள், நாகங்களுக்கு உறவான ரிங்கால்ஸ் என்ற தென்னாப்பிரிக்கப் பாம்பு ஆகிய மூன்றிலும் இந்தத் துப்பும் பழக்கம் தனித்தனியாகத் தோன்றியது, மூன்றிலும் நஞ்சு ஒரே திசையில் மாறியது, அந்த மாற்றம் வலியைக் கூட்டுவதற்காக வந்தது என்று அது சொல்கிறது. நஞ்சில் உள்ள இரண்டு வகைப் புரதங்கள் சேர்ந்து நரம்பைத் தூண்டி வலியைப் பெருக்குகின்றன. இரையைப் பிடிக்க இந்தத் துப்பல் பயன்படுவதில்லை, தற்காப்புக்கு மட்டுமே. நிமிர்ந்து நடந்து கல்லும் தடியும் எடுத்த நம் மூதாதைகளிடமிருந்து தப்பிக்கத்தான் இது வந்திருக்குமோ என்று அந்த ஆய்வாளர்கள் ஓர் ஊகமும் வைத்தார்கள். ஊகம்தான், இருந்தாலும் தடியோடு பாம்புக்குப் பின்னால் ஓடும் நம் ஆட்களைப் பார்க்கும்போது எனக்கு அது நினைவுக்கு வரும்.

இப்போது உங்கள் கிடங்கில் இருக்கும் பொருள்களுக்கு வருகிறேன். புல் வெட்டுபவருக்கு முகக்கவசம் கொடுத்திருக்கிறோமே என்பீர்கள். கொடுத்திருக்கிறீர்கள், மறுக்கவில்லை. அதில் நான் பார்த்தவற்றில் பாதி கம்பிவலைக் கவசம். தெறிக்கும் கல்லை வலை நிறுத்தும், பீய்ச்சும் நஞ்சை நிறுத்தாது. மீதி, தெளிவான பிளாஸ்டிக் கவசம். அது உதவும், ஆனால் நம்மூர்ப் புழுக்கத்தில் பத்து நிமிடத்தில் ஆவி படிந்து மங்கிவிடும். என்ன செய்வார்கள்? தூக்கி நெற்றிக்கு மேல் விட்டுக்கொள்வார்கள். புதருக்குள் ஏதோ அசைந்தால், நன்றாகப் பார்க்க வேண்டும் என்று முதலில் கவசத்தைத்தான் தூக்குவார்கள். அப்புறம் குனிவார்கள். பாம்புக்கு வேண்டியது அதுதான், அசையும் முகம். காதில் இயந்திரச் சத்தத்துக்காக அடைப்பான் வேறு. படமெடுத்துச் சீறி அது எச்சரிப்பது காதில் விழ வழியே இல்லை. ஆகவே ஆவி படியாத பூச்சுள்ள, ஓரமெல்லாம் ஒட்டி மூடும் கண்ணாடி வாங்குங்கள். கவசத்துக்கு உள்ளே அது இருக்கட்டும். கவசத்தைத் தூக்கினாலும் கண் மூடியிருக்கும்.

வடிகால் வேலைக்காரர்களுக்கு அந்தக் கம்பிவலைக் கவசம்கூட இல்லை. என் கவலை அவர்களைப் பற்றித்தான் அதிகம்.

மேற்குப் பக்கம் ஒரு தொழிற்பேட்டையில் நடந்ததைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் வடிகாலின் இரும்பு மூடியைக் கொக்கியால் தூக்கிச் சாய்த்து வைத்தார். உள்ளே குழாய் வாயில் இலைக்குப்பை அடைத்திருந்தது. இடது முழங்காலை விளிம்பில் ஊன்றி, வலக் கையில் இடுக்கியோடு எட்டி, முகத்தை உள்ளே கொண்டுபோனார். குப்பைக்குப் பின்னால் கறுப்பாக ஏதோ நிமிர்ந்தது, அவ்வளவுதான் பார்த்தார். கடிக்கவில்லை, தொடவே இல்லை. "அண்ணே, கண்ணுல மொளகாத்தண்ணிய ஊத்துன மாதிரி இருக்குண்ணே" என்று இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நின்றவர் தன் சட்டைப்பையிலிருந்து கோடாலித் தைலத்தை எடுத்தார். தலைவலி, வயிற்றுவலி, மயக்கம் எல்லாவற்றுக்கும் அதுதானே நம் ஆட்களுக்கு. நல்ல வேளை, இன்னொருவர் அதைத் தட்டிவிட்டுத் தன் குடிதண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்தார். ஒன்றரை லிட்டர் எவ்வளவு நேரம் வரும்? சீக்கிரமே காலியானது. மேற்பார்வையாளர் வந்து பார்த்து, கடிக்கவில்லையே, கொஞ்ச நேரம் லாரியில் உட்காரட்டும் என்றார். மதியத்துக்குள் இமை இரண்டும் வீங்கி மூடிக்கொண்ட பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார்கள். கருவிழியில் புண். சொட்டு மருந்து போட்டு, விடுப்பில் இருந்து, குணமாகிவிட்டார். தாமதமானால் கருவிழியில் தழும்பு விழுந்து பார்வை மங்கிப்போகவும் வாய்ப்பு உண்டு என்று மருத்துவர் சொன்னதை நான்தான் அவருக்குத் தமிழில் சொன்னேன்.

அந்த மேற்பார்வையாளர் மோசமானவர் இல்லை. கடிக்கவில்லை என்றால் ஒன்றுமில்லை என்று அவருக்கும் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

நீங்கள் பேச வேண்டிய அந்த ஐந்து நிமிடத்தில் முதலில் இது வர வேண்டும். கண்ணில் நஞ்சு பட்டால் கசக்கக் கூடாது. உடனே தண்ணீர், நிறையத் தண்ணீர், குறைந்தது 15 முதல் 20 நிமிடம். கண் தானாகத் திறக்காது, வலி அப்படி. ஆகவே இன்னொருவர் விரலால் இமையை விரித்துப் பிடிக்க வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் பட்டிருந்தால் அந்தக் கண் கீழே இருக்கும்படி தலையைச் சாய்த்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் கழுவிய தண்ணீர் நல்ல கண்ணுக்குள் போகும். தைலம், எலுமிச்சை, மூலிகைச் சாறு எதுவும் வேண்டாம். முகத்திலும் கையிலும் பட்டதையும் கழுவிவிட வேண்டும். காயமில்லாத தோலில் பட்டால் பெரிதாக ஒன்றும் செய்யாது, சிராய்ப்பிலோ வெட்டுக்காயத்திலோ பட்டால் அப்படி விட முடியாது. கழுவி முடித்ததும் நேராக மருத்துவமனை. வலி குறைந்துவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம் என்பதெல்லாம் கிடையாது. கருவிழி கீறியிருக்கிறதா என்று மருத்துவர் சாயம் விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

துப்பும் நாகம் கடிக்காது என்றும் யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கடித்தால் கடித்த இடத்துச் சதை அழுகும் அளவுக்குப் போகலாம். கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது, இந்த மூன்றும் நம் ஆட்களின் கையில் தயாராக இருக்கும் வைத்தியம். மூன்றும் கெடுதல். ஆம்புலன்சுக்கு 995-ஐ அழைத்து, ஆளை நடக்கவிடாமல் கைகாலை அசையாமல் வைத்திருந்தால் போதும்.

பாம்பை என்ன செய்வது? ஒன்றும் செய்யக் கூடாது. பின்வாங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அது போக வழி விட வேண்டும். போகாமல் அங்கேயே சுருண்டு கிடந்தால் தேசியப் பூங்காக் கழகத்தின் 24 மணி நேர எண் 1800-476-1600. இந்த எண்ணை லாரிக் கதவில் ஒட்டி வையுங்கள். ஆட்களே அழைக்க உரிமை கொடுங்கள். மேற்பார்வையாளர் வரும்வரை காத்திரு என்றால், காத்திருக்கும் நேரத்தில் யாராவது மண்வெட்டியைத் தூக்குவார்கள். அனுமதியில்லாமல் காட்டுவிலங்கைக் கொல்வதும் பிடிப்பதும் இங்கே வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வேலை பெர்மிட்டில் வந்தவருக்கு அந்தச் சட்டம் இருப்பதே தெரியாது. ஊரில் பாம்பை அடித்துப் போட்டால் தெருவே பாராட்டும். இன்னொரு பக்கம், வெள்ளிக்கிழமை தோறும் புற்றுக்குப் பால் ஊற்றும் வீட்டிலிருந்து வந்தவரும் அதே லாரியில் இருப்பார். அடிக்க வேண்டும் என்பவரும் கும்பிட வேண்டும் என்பவரும் சண்டை போட்டுக்கொண்டே பாம்புக்குப் பக்கத்தில் போய் நிற்பதை நான் கண்டதுண்டு. இரண்டு பேர் முகமும் ஆறடிக்குள் இருந்தது.

சிங்கப்பூரில் பாம்பு கடித்துச் சாவது அபூர்வம், இதற்குப் போய் இவ்வளவு பேச்சா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சாவை மட்டும் கணக்கில் எடுத்தால் சரிதான். ஆனால் ஒரு கண்ணின் பார்வை மங்கிய ஆளை எந்த நிறுவனம் வேலைக்கு வைத்துக்கொள்ளும்? முகவருக்குக் கொடுத்த கடன், வட்டி, வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணம் எல்லாம் அந்தக் கண்ணை நம்பித்தான் இருக்கிறது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி ஊழியருக்கு வரக்கூடிய ஆபத்தை முன்கூட்டியே ஆராய்ந்து குறைப்பது உங்கள் கடமை. இடர் மதிப்பீட்டுப் படிவத்தில் பூச்சிக்கடி, பாம்புக்கடி என்று ஒரு வரி இருக்கும், பார்த்திருக்கிறேன். எதிரே ‘பூட்ஸ் அணியவும்’ என்று எழுதியிருக்கும். காலுக்குப் பூட்ஸ் சரி. கண்ணைக் குறிபார்க்கும் பாம்புக்கு அந்த வரியில் பதில் இல்லை. அதைத் திருத்த ஒரு பேனா போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கசப்பாக இருந்தாலும். நம் ஆட்கள் இப்படிப்பட்டதைச் சொல்லவே தயங்குகிறார்கள். கண் எரிகிறது என்றால் ஒரு நாள் சம்பளம் போய்விடுமோ, வேலை தெரியாதவன் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். விடுதிக்கு வந்து இரவெல்லாம் ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டு, காலையில் சிவந்த கண்ணோடு லாரி ஏறுபவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் தூசி என்பார்கள். வேலை நேரத்தில் வேலை காரணமாக வந்த காயத்துக்கு இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது, மருத்துவச் செலவு நிறுவனத்தின் பொறுப்பு, சொன்னால் தண்டனை கிடையாது என்பதை நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் மொழிபெயர்த்துச் சொன்னால் அது என் வார்த்தையாகத்தான் அவர்கள் காதில் விழுகிறது. முதலாளி ஒருமுறை லாரிப் பக்கம் வந்து நின்று சொன்னால் அதன் எடையே வேறு.

பேசுவதற்கான ஒரு பக்கத் தாளைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். வளர்ந்த பாம்பு, குட்டி இரண்டின் படமும் அதில் உண்டு. வங்காளத்தில் எழுதித்தர என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒப்புக்கொண்டிருக்கிறார். வேண்டும் என்கிற நிறுவனத்துக்கு இலவசமாகத் தருவோம், உங்கள் முத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள், எங்கள் பெயர் வேண்டாம். கண்ணாடியும் தண்ணீரும் மட்டும் நீங்கள் வாங்க வேண்டும். புதிய ஆட்கள் வந்து இறங்கும் முதல் வாரத்திலேயே, மண்வெட்டியும் கையுறையும் கொடுக்கும் அன்றைக்கே, இதையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வெளிவேலை ஊழியர்களோடு பணிபுரியும் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர்
சிங்கப்பூர்